பல்ச்சிக் வீடுகளை வரைந்தவருக்குப் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கருங்கடல் பயணக் கட்டுரையில், இன்று பல்கேரியாவில் உள்ள பல்ச்சிக் ஊருக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ருமேனியாவின் மேரி ராணியின் அரண்மனைக்கு ஒரு முழுப் பக்கம். 1938இல் அவர் இறந்த பிறகு அவருடைய இதயத்தை அங்குள்ள சிறு தேவாலயத்தில் வைத்த கதைக்கு அரைப் பக்கம். மலைச்சரிவில் கடலைப் பார்த்து நிற்கும் அந்த வெள்ளை வீடுகளுக்கு மட்டும் ஒரே வரி: பெயர் தெரியாத உள்ளூர்க் கொத்தனார்கள் கட்டியவையாம். படித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன்.

அந்த ஊரில் இருபது வீடுகளுக்குக் குறையாமல் வரைந்தவர் ஹென்ரியேட்டா டெலவ்ரான்சியா. 1897இல் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் பிறந்தவர். 1913இல் கட்டடக் கலைப் பள்ளியில் சேர்ந்தார், நடுவில் உலகப் போர் வந்தது, பட்டம் கைக்கு வர 1927 ஆகிவிட்டது. பல்ச்சிக் அப்போது ருமேனியாவில் இருந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. 1930களில் புக்கரெஸ்ட்காரர்கள் அங்கே கோடை வீடு கட்ட அலைமோதியபோது, அந்த வட்டாரத்துத் துருக்கிய வீடுகளின் கல் அடித்தளம், சுண்ணாம்புச் சுவர், அகன்ற கூரை விளிம்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, கடல் பக்கம் பெரிய திறப்பும் மொட்டை மாடியும் வைத்துத் தனக்கென ஒரு பாணியை உண்டாக்கினார் இவர். ஜெனரல் ரசோவிச்சியானுவின் வீடு ஒன்று போதும் அதற்குச் சாட்சி. கொத்தனார்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை செங்குத்தான சரிவில் வீடு எந்த மட்டத்தில் உட்கார வேண்டும், படி எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் முதலில் காகிதத்தில்தான் முடிவாகும்.

1940இல் கிரயோவா ஒப்பந்தப்படி, பல்ச்சிக் உள்ள தெற்கு டோப்ருஜா பகுதி பல்கேரியாவுக்குப் போனது. ஏறத்தாழ ஒரு லட்சம் ருமேனியர்கள் அந்தப் பகுதியைவிட்டுப் போக வேண்டியிருந்தது. வரைந்தவர் ஒரு நாட்டில், வீடுகள் வேறொரு நாட்டில். போருக்குப் பிறகு அவர் மருத்துவமனைக் கட்டடங்களுக்காக உழைத்து, 1987இல் காலமானார். எல்லையே மாறிப்போன இடத்தில் இது இன்னார் வரைந்தது என்று சொல்ல வரைபடங்களும் கடிதங்களும் தவிர வேறு என்ன இருக்கிறது?

பெயர் சொல்லி எழுதுகிறவர்களும் முதலில் அவருடைய அப்பாவைத்தான் சொல்கிறார்கள். அப்பா பார்பு டெலவ்ரான்சியா பெரிய எழுத்தாளர், புக்கரெஸ்ட் மேயராக இருந்தவர். மறுக்கவில்லை. அவர் இறந்தது 1918இல். மகள் பட்டம் வாங்கியது அதற்கு ஒன்பது ஆண்டு கழித்து.

தங்களிடம் எனக்குப் பழைய மனக்குறை ஒன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வெளியிட்ட கட்டடக் கலைச் சிறப்பிதழில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. அப்போதும் எழுதினேன். அந்தக் காலத்தில் பெண்கள் இத்துறைக்கு வரவில்லை என்று பதில் போட்டிருந்தீர்கள். புக்கரெஸ்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே, வர்ஜினியா ஹரேட் 1919இல் கட்டடக் கலைப் பட்டம் பெற்றார். ஷின்காய் உயர்நிலைப் பள்ளியும் கோவோரா காசினோவும் அவர் வரைந்தவை. மரியா கொட்டெஸ்கு ரயில்வேக்காகத் தொழிற்கூடங்கள் வரைந்தவர். அவர்கள் வந்தார்கள் ஐயா. தங்கள் பக்கங்களுக்குத்தான் வரவில்லை.

நான் இதே தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் நான் போட்ட பிளான்களில் கீழ்மூலைக் கட்டத்தில் முதலாளியின் பெயர் மட்டும்தான் இருக்கும். அலுவலகம் இடம் மாறியபோது டிரேசிங் தாள்கள் மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர்க்காரருக்குப் போயின. நான் வரைந்த பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அது என்னுடையது என்று காட்ட என் கையில் ஒரு தாள் இல்லை. பெயர் தெரியாதவர் என்று யாரையும் அவ்வளவு எளிதாக எழுதிவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த அநியாயத்துக்கு மாற்று தேடியவரும் ஒரு பெண்தான். பல்ச்சிக்கிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள வர்னாவில் பிறந்த மில்கா ப்ளிஸ்னகோவ், 1985இல் அமெரிக்காவின் வர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் பெண் கட்டடக் கலைஞர்களின் காகிதங்களுக்கென்றே ஒரு சர்வதேச ஆவணக் காப்பகம் தொடங்கினார். முன்னோடிகள் இறந்ததும் அவர்களுடைய வரைபடங்கள் குப்பைக்குப் போவதைப் பார்த்து, உலகம் முழுக்கக் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கினார். புக்கரெஸ்டில் பிறந்த சொலாஞ்ஜ் டெர்பெ த லா தூர் 1963இல் பாரிசில் தொடங்கிய பெண் கட்டடக் கலைஞர்களின் சர்வதேச சங்கத்தின் காகிதங்களும் அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன. இப்படி ஒருவர் தேடித்தேடிச் சேர்த்துவைக்க, இன்னொருவர் போகிற போக்கில் ஒரு வரியில் அழித்துவிடலாமா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில், கடைசிப் பக்கத் திருத்தங்களுக்கு நடுவே இல்லாமல் பயணப் பகுதியிலேயே, தாங்கள் வெளியிட்ட ரசோவிச்சியானு வீட்டுப் படத்தை மறுபடி போட்டு, கீழே ஹென்ரியேட்டா டெலவ்ரான்சியாவின் பெயரை அச்சிடுங்கள். இனிமேல் கட்டடப் படம் போடும்போது, படம் எடுத்தவர் பெயரோடு கட்டடத்தை வரைந்தவர் பெயரையும் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோயம்புத்தூர்