முடக்குவாத நோயாளிகள் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழு வரை நம் பேச்செல்லாம் விரல், மணிக்கட்டு, முழங்கால் என்றே இருந்தது. இந்த ஆண்டுதான் வாய்க்கு வந்து சேர்ந்தோம். ஒரு மாதக் கூட்டத்தில், "தண்ணீர் குடிக்காமல் சோறு இறங்க மாட்டேங்குது" என்று ஓர் அக்கா சொன்னதும், "எனக்கும்தான்" என்று பல குரல்கள். அதுவரை வயசு, மாத்திரைச் சூடு என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.

அப்புறம் மூட்டுநோய் மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேச வைத்தோம். மூட்டுச் சவ்வுக்குள் புகுந்து வீங்க வைப்பது போலவே, சிலருக்கு வெள்ளணுக்கள் எச்சில் சுரப்பிக்குள்ளும் குடியேறுகின்றன, எச்சிலைக் கொண்டுவரும் நுண்குழாய்களைச் சுற்றிக் கும்பலாக உட்கார்ந்துகொள்கின்றன என்றார். முதலில் அவற்றில் டி செல்கள் என்ற வகைதான் அதிகமாம். கும்பல் பெருகப் பெருக பி செல்கள் என்ற இன்னொரு வகை கூடுமாம். வாயோடு கண்ணையும் வறள வைக்கும் இதற்கு ஷோகிரன் நோய் என்று பெயர். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933-இல் எழுதிய ஆய்வில் 19 பெண்கள். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. அன்றைக்கே தெரிந்த உறவு, நமக்குத்தான் இத்தனை காலம் எட்டவில்லை.

பேச்சு முடிந்த கையோடு நானும் கீழுதட்டுப் பயாப்ஸி, அதாவது சதைத் துணுக்குப் பரிசோதனை, செய்துகொண்டேன். மரத்துப்போக ஊசி போட்டு, உதட்டின் உட்புறத்திலிருந்து மிளகைவிடச் சிறிய சுரப்பிகள் சிலவற்றை எடுத்தார்கள். 4 சதுர மில்லிமீட்டர் பரப்பில் குறைந்தது 50 லிம்போசைட் (டி, பி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) சேர்ந்த கும்பல் ஒன்றாவது இருக்கிறதா என்று எண்ணுவார்களாம். எனக்கு இருந்தது. இரண்டு நாள் தயிர்சாதம், அவ்வளவுதான் கஷ்டம். எல்லோருக்கும் இது தேவைப்படாது; ரத்தப் பரிசோதனையும், கண்ணீரையும் எச்சிலையும் அளப்பதுமே பலருக்குப் போதுமாம்.

எச்சில் குறைந்தால் சொத்தைப்பல் வேகமாக வரும். அதனால் பல் மருத்துவரிடம் காட்டும் தேதியையும் நம் உறுப்பினர் அட்டையில் குறிக்கத் தொடங்கியிருக்கிறோம். எச்சில் சுரப்பி இருக்கும் காதடியில் வீக்கம் வந்து வற்றாமல் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டச் சொல்கிறார்கள். பி செல்கள் அரிதாகப் புற்றாக மாறுவதுண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை, மறைக்கவும் மனமில்லை.

கூட்டத்தில் முறுக்கை நிறுத்தி இட்லி கொடுத்ததற்கு இரண்டு புகார்கள் வந்தன. தீர்மானத்தை மாற்றுவதாக இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்