அக்காவுக்கு, மேரிலாந்திலிருந்து

2024 மார்கழி

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. புயலில் கூரைத் தகரம் இரண்டு பறந்ததும், அத்தான் இரவோடு இரவாக ஏறித் தார்ப்பாய் கட்டியதும் அதை வாசித்த பிறகுதான் தெரியும். போனில் கேட்டால் "ஒன்றுமில்லையடா" என்றல்லவா சொன்னீர்கள்!

நான் சுகம். குளிர்தான். கன்னியாவின் ஏழு கிணறும் இங்கே இருந்தால் ஒன்றுக்குள் இறங்கி பங்குனி வரை ஏறமாட்டேன். ஹீட்டரைக் கூட்டி வைப்பதில்லை, தோல் காய்ந்துவிடும். மீனும் வாங்குவதில்லை. ஐஸில் கிடந்த பாரைக்கு ருசி ஏது? பருப்பும் சோறும் வயிற்றுக்கு நல்லது.

கீழ் வீட்டுக் கிழவரைக் கேட்டிருந்தீர்கள். அவருக்கு இப்போது கார்க் கொம்பனிகள் மேல் கோபம். மின்சாரக் காரின் மோட்டார் ஏஎம் ரேடியோவை இரைய வைக்கிறதாம். அதனால் சில கொம்பனிகள் அதைக் கழற்றிவிட்டன. எல்லாப் புதுக் காரிலும் ஏஎம் இருக்க வேண்டும் என்று 2023இல் ஒரு சட்டமூலம் வந்தது, இன்னும் நிறைவேறவில்லை. ஒலிபரப்பாளர் சங்கம் வேண்டும் என்கிறது, கார்க்காரர் வேண்டாம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் காசு கொடுத்து ஆள் வைத்து காங்கிரஸ்காரரை, அதாவது இங்கத்தைய பாராளுமன்ற உறுப்பினர்களை, பிடிக்கின்றன. கேபிள்காரர் இன்னும் பெரிய கைகள். கொம்காஸ்ட் என்ற கேபிள் கொம்பனி மட்டும் இதற்கு வருடத்துக்கு ஒரு கோடி டொலருக்கு மேல் செலவழிக்கிறது.

இதெல்லாம் களவாக இல்லை அக்கா. 1995இல் வந்த சட்டப்படி இந்த ஆட்கள் யாருக்காக, எந்த விஷயத்துக்கு, எவ்வளவு என்று கணக்குக் கொடுக்க வேண்டும். 2007இல் அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆக்கினார்கள். யாரும் பார்க்கலாம். ஆனால் எந்த உறுப்பினரைச் சந்தித்தார்கள் என்று எழுதத் தேவையில்லை! அங்கேதானே விஷயமே இருக்கிறது.

அந்த ஆட்களின் கந்தோர்கள் நிறைய இருக்கும் வாஷிங்டன் கே வீதியில்தான் எனக்கும் வேலை. அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு தொடங்கும். அமைதியான வேலை.

புயலில் போன் செத்தாலும் ஏஎம் பேசும் என்பது கிழவரின் வாதம். இரவில் அவருடைய ரேடியோ கரகரக்கும்போது, அப்பா ஜன்னலில் வைத்து இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் கேட்பது நினைவு வருகிறது. "சத்தம் போடாதேங்கோ, ஆர் செத்தது எண்டு பாப்பம்" என்பாரே. அப்படி நினைவு வந்து ஒருநாள் எனக்குப் படுக்கவே முடியவில்லை.

சரி, காணி விஷயம். பெர்மிட்டை "மேலிடத்தில் சொல்லி" எடுத்துத் தருவதாக அந்தப் புரோக்கர் கேட்கும் காசைக் கொடுக்க வேண்டாம். காசுக்குப் பற்றுச்சீட்டு தருவாரா என்று கேளுங்கள், தானாக எழும்பிப் போய்விடுவார். பழைய அளவைப் படம் பெரியம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும். அத்தான் அதைப் போட்டோக்கொப்பி எடுத்து, விண்ணப்பத்தோடு பதிவுத் தபாலில் போடட்டும். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், மாமா கேட்டாலும்.

தகரக் காசு இந்த மாதம் கொஞ்சம், தையில் மிச்சம். சின்னவளின் டியூஷனை நிறுத்த வேண்டாம்.

அன்புடன்,
தம்பி