அந்த அறையின் மைக்கைத் திறந்து வையுங்கள்

இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து நடுவர்களை நிர்வகிக்கும் பி.ஜி.எம்.ஓ.எல். பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் டாட்டன்ஹாம் ரசிகன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பர் 30 அன்று நடந்த லிவர்பூல் ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எதிர்த்தரப்பிலிருந்துதான் வந்திருக்கும். அன்று ஜெயித்தவர்கள் நாங்கள், 2-1. ஆனால் அந்த வெற்றியைப் பற்றி வாயைத் திறந்தாலே போதும், "டியாஸ் போட்ட கோல் என்னாச்சு?" என்று நண்பர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கர்ட்டிஸ் ஜோன்ஸ் சிவப்பு அட்டை வாங்கிப் போனதால் லிவர்பூல் அப்போதே பத்துப் பேர்தான். 34-ஆவது நிமிடம், சாலா தள்ளிவிட்ட பந்தோடு ஓடி லூயிஸ் டியாஸ் வலைக்குள் அடித்தார். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்கினார், அதாவது பந்து தள்ளப்பட்டபோதே டியாஸ் எங்கள் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்றுவிட்டார், கோல் செல்லாது என்று. அப்பாடா என்றிருந்தது எனக்கு. மைதானத்துக்கு வெளியே, ஸ்டாக்லி பார்க் அறையில் ரீப்ளே பார்த்து முடிவுகளைச் சரிபார்க்கும் உங்கள் வி.ஏ.ஆர். நடுவர்கள் எங்கள் ரொமேரோவின் காலணியில் கோடு வைத்துப் பார்த்தார்கள். டியாஸ் ஆஃப்சைடு இல்லை. அதைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மைதானத்தில் ஏற்கெனவே கோல் கொடுத்தாகிவிட்டது என்ற நினைப்பில், "பார்த்தாயிற்று, சரிதான்" என்று சொல்லிவிட்டார்கள். தன் ஆஃப்சைடு முடிவைத்தான் சரி என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார் மைதானத்து நடுவர். ஃப்ரீ கிக் அடித்தாகிவிட்டது.

மூன்று நாள் கழித்து நீங்கள் வெளியிட்ட ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டேன். வேலை நன்றாக நடந்தது என்று ஒரு பாராட்டு வருகிறது. அது முடிவதற்குள் ரீப்ளே இயக்குபவர், "இருங்க இருங்க, களத்தில் கொடுத்தது ஆஃப்சைடு" என்று பதறுகிறார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்கள் என்றும் சேதி வருகிறது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் பதில். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பழைய முடிவைத் திருத்த விதி இடம் தராது. இரண்டே நிமிடத்தில் சன் எங்களுக்காக கோல் போட்டார். நானும் குதித்தேன், மறைப்பானேன். லிவர்பூலின் காக்போ சமன் செய்தார். பிறகு ஜோட்டாவும் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, அவர்கள் ஒன்பது பேராக 96-ஆவது நிமிடம் வரை தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் லிவர்பூல் வீரர் மாட்டிப் தன் வலைக்குள்ளேயே அடித்த சேம் சைடு கோலில்தான் நாங்கள் ஜெயித்தோம்.

2025 ஏப்ரலில் அரைத் தானியங்கி ஆஃப்சைடு முறையைக் கொண்டுவந்தீர்கள். நல்லது, கோடு சீக்கிரம் விழுகிறது. ஆனால் அன்று கோட்டில் ஒரு பிசகும் இல்லையே! முடிவைச் சொன்ன விதத்தில்தான் கோளாறு. வி.ஏ.ஆர். நடுவர் தன் உதவியாளரோடு முடிவை உறுதி செய்துகொண்ட பிறகே மைதானத்துக்குச் சொல்ல வேண்டும் என்று பிறகு ஏற்பாடு செய்தீர்கள். அதிலும் பேச்சு அந்த அறைக்குள்ளேயேதான் இருக்கிறது.

லண்டனிலேயே லார்ட்ஸ் மைதானம் இருக்கிறது. அங்கே மூன்றாம் நடுவர் பேசுவதை டிவி பார்க்கும் எல்லோரும் கேட்கலாம். பேட்டில் பட்டதா, ஸ்டம்பில் படுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில், "நீங்கள் கொடுத்தது நாட் அவுட், அதை மாற்றிக்கொள்ளுங்கள்" என்பார். களத்து முடிவு எது, மாற்ற வேண்டுமா வேண்டாமா, இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிடும். அன்று ஸ்டாக்லி பார்க்கில் இப்படி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அது முடியும் முன்பே யாராவது திருத்தியிருப்பார்கள்.

நான் கேட்பது இரண்டுதான். அந்த அறையில் பேசுவதை ஆட்டத்தின்போதே ஒலிபரப்புங்கள். அப்புறம், உள்ளேயே தப்பு தெரிந்துவிட்டால், ஆட்டம் தொடங்கிச் சில நொடி ஆகியிருந்தாலும் நிறுத்த வழி செய்யுங்கள். விதி எழுதுவது ஐ.எஃப்.ஏ.பி. என்று கைகாட்டுவீர்கள். சரி, அங்கே உள்ள எட்டு ஓட்டில் ஒன்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்துடையது. உங்கள் அமைப்புக்குப் பணம் கொடுப்பவர்களில் அந்தச் சங்கமும் உண்டு. அவர்களிடம் போய்ப் பேசுங்கள்.

அந்த ஆட்டத்தைத் திரும்ப நடத்தலாமே என்றார் அப்போதைய லிவர்பூல் மேலாளர் கிளாப். அதை மட்டும் தயவுசெய்து தூசு தட்டி எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
அந்த மூன்று புள்ளிகளைத் திருப்பித்தர மனமில்லாத டாட்டன்ஹாம் ரசிகன்