15 மணி நேரத்தில் நியூயார்க்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘சென்னை – நியூயார்க்: 13,500 கி.மீ., பயண நேரம் 15 மணி’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். தூரம் சரி. அதை விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து 900ஆல் வகுத்திருக்கிறார் கட்டுரையாளர், வகுத்தலும் சரி. அப்படி ஒரு விமானம்தான் இல்லை. சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததா?

நேரடியாகப் போகிற ஊர்களுக்கே இந்தக் கணக்கு ஒத்துவராது. டில்லி – நியூயார்க் சுமார் 11,700 கி.மீ. வகுத்தால் 13 மணி. பறப்பதோ 15 மணிக்கும் மேல். உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை எதிர்த்துப் போக வேண்டும். திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். வான்வெளியை மூடினால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 2022இல் ரஷ்யா மூடியதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணியில் போன விமானம் 13 மணி பறக்க வேண்டிவந்தது. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

மகள் பிரசவத்துக்கு நாங்கள் துபாய் வழியாகப் போனோம். மூன்று மணி நேரம் முன்னதாகவே சென்னை விமான நிலையத்தில் ஆஜர். துபாய்க்கு நாலு மணி, அங்கே காத்திருப்பு, அப்புறம் 14 மணி, இறங்கியதும் இமிக்ரேஷன் வரிசை. மயிலாடுதுறையிலிருந்து சென்னை போனதை நான் சேர்க்கவே இல்லை. என் மனைவி இன்சுலின் போடுகிறவள். எந்த ஊர் நேரத்துக்கு ஊசி, எந்த ஊர் நேரத்துக்குச் சாப்பாடு என்று வழிநெடுக அவளுக்கு அதே கவலை.

இப்போது எதிர்வீட்டு அம்மா உங்கள் கட்டத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, “பதினஞ்சு மணிதானே சார், ஒரு வேளை மாத்திரை போதும்ல?” என்கிறார். நான் சொன்னால் நம்பவில்லை. பத்திரிகையில் போட்டிருக்கிறதாம். டிக்கெட்டைக் காட்டினாலும், நியூயார்க் கடிகாரம் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி பின்னால் ஓடுகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் ரயில் நேரம் மாறினால் உங்களிடம்தான் முதலில் வரும். இப்போது அந்த இடத்தில் சுற்றுலா விளம்பரம். குறுக்கெழுத்தைப் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. போன வருடம் மலை ரயில் கட்டுரையில் இருந்த தவற்றைச் சுட்டி எழுதினேன், பதில் இல்லை. சந்தா புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் மட்டும் நாள் தவறாமல் வருகிறது. அந்தப் பிரிவில் இருப்பவரையே பயணப் பக்கத்துக்கும் போடலாம்.

அடுத்த ஞாயிறு, ‘சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை, விமானம் மாறும் நேரத்தையும் சேர்த்து 20 மணிக்கு மேல் ஆகும்’ என்று ஒரு மூலையில் இரண்டு வரி போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில். எதிர்வீட்டு அம்மா கத்தரித்து வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
மயிலாடுதுறை