அம்மாவுக்கு எந்த மெஷின்?

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை நிரந்தரமாகி ரொறன்ரோ டவுன்ரவுனில் கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, எடுத்துப் போய்விட்டாள் என்று வாசித்ததும் மனிசிக்கும் எனக்கும் பெரிய சந்தோசம். ஸ்காபரோ வீட்டில் இப்போது நீங்கள் இரண்டு பேர்தான் என்பது கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கும், பழகிவிடும். இங்கே எல்லாரும் சுகம், மனிசியின் முழங்கால் நோ மட்டும் குளிருக்குக் கூடுகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓகஸ்டில் நான் யாழ்ப்பாணம் போகும்போது அம்மாவுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கிப் பூட்டிவிட்டு வரவேண்டும், உன்னிடம் இருப்பது மாதிரி ஆகப் பெரியதாகப் பார்க்கவேண்டும், காசைப் பார்க்கக்கூடாது. அப்படித்தானே எழுதியிருக்கிறாய்? காசு இல்லை மச்சான் பிரச்சினை. உன் மெஷின் பெரிதாக இருப்பதற்குக் காரணம் உன் வீடு, அம்மாவின் வீடு வேறு.

பாரிசுக்கு வந்தபோது என் மெஷினைப் பார்த்து நீ சிரித்தாயே, அதையே உதாரணத்துக்கு எடு. அகலம் 40 சென்ரிமீற்றர். இங்கே பழைய கட்டடங்களில் குளியலறை என்பது ஒரு ஆள் திரும்புகிற அளவுதான், தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சுகிற இடுக்கில் மெஷின் நிற்கவேண்டும், அதனால்தான் இந்த ஒல்லி மெஷின்கள் பிரான்சில் இவ்வளவு ஓடுகின்றன. மேல் மூடியைத் திறந்தால் உள்ளே உருளையில் இன்னொரு கதவு, அதைச் சரியாகக் கொளுவாமல் விட்டால் பிழிகிற வேகத்தில் திறந்து எல்லாவற்றையும் நாசம் பண்ணிவிடும். ஆனால் குனியத் தேவையில்லை, மனிசியின் முழங்காலுக்கு அது பெரிய புண்ணியம். லண்டனில் தங்கச்சி வீட்டில் மெஷின் குசினிக்குள் நிற்கிறது. அங்கே சாதாரண அளவுக் குளியலறைக்குள் பிளக் வைக்க மின்விதி விடாது, ஆகவே அது குசினி அலுமாரிகளின் அதே 60 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வந்து மேசைத்தட்டுக்குக் கீழே ஒடுங்கிக்கொண்டது. மீன் பொரிக்கிற இடத்தில் உடுப்புத் தோய்ப்பதா என்று எனக்கு இன்னமும் மனம் ஒப்பவில்லை, அது வேறு கதை.

உன்னுடையது பேஸ்மென்ட்டில் நிற்கிறது. 27 அங்குலம் அகலம், 5 கன அடி, அதாவது 140 லீற்றர், என்னுடைய உருளையைப் போல மூன்று மடங்குக்கு மேல். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம் கிடைத்தால் மெஷின் வளரத்தான் செய்யும். இன்னொன்று, உன் மெஷினுக்குச் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் என்று இரண்டு குழாய், என்னுடையதுக்கு ஒன்றுதான். கனடாவில் சாதாரண பிளக்கில் 120 வோல்ட், அதை வைத்துத் தண்ணீரைச் சூடாக்கினால் ஆறுதலாகத்தான் சூடாகும், ஆகவே வீட்டுச் சுடுதண்ணீர்த் தாங்கியில் இருந்தே எடுக்கிறீர்கள். எங்களுக்கு 230 வோல்ட் என்பதால் மெஷினே சூடாக்குகிறது, அதனால்தான் உனக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற வேலை எனக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகிறது, சிக்கனத்துக்கென்று இருக்கிற ஈகோ முறையில் போட்டால் மூன்றையும் தாண்டும். பாரிஸ் தண்ணீரில் சுண்ணாம்பு வேறு, சூடாக்குகிற கம்பியில் படிந்துகொண்டே இருக்கும், வினிகர் ஊற்றித்தான் சமாளிக்கிறோம்.

போர்வையையும் மறக்காதே. நீங்கள் கொம்ஃபோட்டர் என்கிற அந்தப் பெரிய மெத்தைப் போர்வையை முழுசாகத் தூக்கி மெஷினுக்குள் போடுகிறீர்கள், நாங்கள் உறையை மட்டும் கழற்றித் தோய்க்கிறோம், உள்ளே இருப்பதை எப்போதாவது தெருமுனையில் காசு போட்டுத் தோய்க்கிற கடைக்குக் கொண்டுபோகிறோம். காயப்போடுவதும் அப்படித்தான். எங்கள் கட்டடத்தில் யன்னலில் உடுப்புத் தொங்கக்கூடாது என்று விதி, ஆகவே விறாந்தை இல்லாத வீட்டில் வரவேற்பறையில் மடக்குக் கொடி விரித்து இரண்டு நாள் காய்கிறது, ஒருமுறை தோய்த்தது காயமுதல் அடுத்ததைத் தோய்த்து என்ன செய்வது, அப்படியிருக்க 140 லீற்றர் எனக்கு எதற்கு? உனக்கு டிரையர் இருக்கிறது. 2008 இல் ஒன்ராறியோ அரசு, வளவில் கொடி கட்டுவதற்குக் குடியிருப்புகள் போட்ட தடைகளைச் செல்லாதவை ஆக்கியது, ஞாபகம் இருக்கிறதா? அந்த உரிமையை நீ ஒரு கோடையிலாவது பாவித்தாயா என்று அறிய ஆவல்.

நாட்டுக்கு நாடு ஆட்களின் குணம் வேறு, கனடாக்காரருக்கு எல்லாமே பெரிதாக வேண்டும் என்று சொல்லுவார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. உன் மகளையே கேள். அதே ரொறன்ரோவில், அவளுடைய கொண்டோவில் அலுமாரி மாதிரி ஒரு இடத்துக்குள் 24 அங்குல மெஷின், அதன் தலைக்கு மேலே டிரையர் என்றுதான் அனேகமாக இருக்கும். 24 அங்குலம் என்றால் லண்டன் தங்கச்சியின் அதே 60 சென்ரிமீற்றர்தான்.

இனி அம்மாவின் வீடு. கிணற்றுத் தண்ணீர், சுண்ணக்கல் நிலம், அப்படியென்றால் சூடாக்குகிற கம்பி உள்ள மெஷின் வேண்டவே வேண்டாம், எங்கள் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் பச்சைத்தண்ணீர் போதும். அடுத்தது தண்ணீரின் அழுத்தம், அதை 'பார்' என்ற அலகில் அளப்பார்கள். பத்து மீற்றர் உயரத்துத் தண்ணீர்தான் 1 பார் அழுத்தம் தரும், வீட்டுத் தண்ணீர்த் தாங்கி குழாயில் இருந்து மூன்று மீற்றர் உயரத்தில் இருந்தால் 0.3 பார்தான் வரும். முன்பக்கக் கதவு மெஷின்கள் பலதுக்கு அது காணாது. ஒரு தொட்டியில் தோய்த்து மற்றதில் பிழிகிற, உன் தம்பி சொல்கிற இரட்டைத்தொட்டி மெஷினில் வாளியால் ஊற்றியே வேலை பார்க்கலாம், உண்மைதான், ஆனால் ஈரச் சேலையை ஒரு தொட்டியில் இருந்து மற்றத் தொட்டிக்குத் தூக்கிப் போடுவது யார்? அம்மாவின் தோள்மூட்டு அதற்குச் சரிவராது. என் அபிப்பிராயம், மேலே திறக்கிற ஓட்டோமற்றிக், 7 கிலோ உடுப்புக் கொள்ளுகிறது. பின் விறாந்தையில் வைத்தால் கழிவுத் தண்ணீரை வாழைக்கு விடலாம், சவர்க்காரத் தூளை மட்டும் அளவாகப் போடச் சொல்லவேண்டும். காயப்போடக் கொடி இருக்கிறது, அந்த வெயிலுக்கு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

தம்பியிடம் மூன்று விஷயம் அளந்து அனுப்பச் சொல்லு. தாங்கியின் அடியில் இருந்து விறாந்தைக் குழாய் வரை எவ்வளவு உயரம், பின் கதவு எவ்வளவு அகலம், அந்த இடத்துக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா. உயரம் காணாது என்றால் மெஷின் வாங்கமுதல் தாங்கியை உயர்த்தவேண்டும், அதற்கு மேசனைப் பிடிக்க நாள் எடுக்கும், ஆகவே ஜூலைக்குள் பதில் போடு.

அன்புடன்,
பாரிசில் இருந்து உன் மச்சான்