செயலாளரின் ஆண்டறிக்கை: நம் பெயரைப் பற்றிய தகராறு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பயிற்சியாளர்களுக்கும், பெற்றோர்களுக்கும் வணக்கம்.

வழக்கமாகப் பயிற்சி முகாமில் தொடங்கும் இவ்வறிக்கையை, இவ்வாண்டு நம் விளையாட்டுப் பயிற்சிச் சங்கத்தின் பெயருக்கு வந்துள்ள சிக்கலில் தொடங்க வேண்டியிருக்கிறது. வழக்கறிஞரின் அறிவுரைப்படி இரு தரப்புப் பெயர்களையும் இதில் குறிப்பிடவில்லை.

கோடை முகாம் முடிந்த வாரத்தில், வெளியூரில் கட்டணப் பயிற்சி மையங்கள் நடத்தும் ஒரு நிறுவனம் நமக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நம் பெயர் தங்களுடைய வணிகச் சின்னம், அதாவது தங்கள் பொருளையும் சேவையையும் அடையாளம் காட்டும் பெயர் என்றும், பதினைந்து நாள்களுக்குள் பெயர்ப்பலகை, ஜெர்சி, சான்றிதழ் அனைத்திலிருந்தும் அதை நீக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். விசாரித்ததில், அவர்களுடைய விண்ணப்பம் இன்னும் பதிவாகவில்லை என்பதும், விளையாட்டுப் பயிற்சிக்குரிய 41-ஆம் வகுப்பிலும் ஆடைகளுக்குரிய 25-ஆம் வகுப்பிலும் பதிவுக்கு முன் மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதற்காக அரசின் வணிகச் சின்ன இதழில் விளம்பரம் மட்டுமே ஆகியிருப்பதும் தெரியவந்தது. பெயருக்கு அருகே அவர்கள் இட்டிருந்த ‘டிஎம்’ என்ற எழுத்துகளை எவரும் இட்டுக்கொள்ளலாம்; வட்டத்துக்குள் ‘ஆர்’ இடும் உரிமை பதிவுக்குப் பின்னரே கிடைக்கும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவு செய்துவிட்டதால் பெயர் நமக்கே உரியது என்று நாம் அனைவரும் நம்பியிருந்தோம். அந்தப் பதிவு சங்கத்துக்குச் சட்டப்படியான இருப்பைத் தருகிறதே தவிர, வணிகச் சின்னப் பாதுகாப்பைத் தருவதில்லை. நம் ஊராகிய கோவில்பட்டியின் கடலை மிட்டாய்க்கு 2020-இல், ஊரோடு இணைந்த பொருளின் பெயரைக் காக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்த நாம், அது வேறு சட்டம் என்றாலும், நம் பெயரையும் காக்க வேண்டும் என்று அப்போதே எண்ணியிருக்க வேண்டும். எண்ணாதது செயற்குழுவின் தவறு. செயலாளர் என்ற முறையில் அதில் என் பங்கை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆயினும் நம் நிலை வலுவற்றதன்று. வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன் 34-ஆவது பிரிவு, ஒரு பெயரை முன்னதாகவே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரைப் பின்னால் பதிவு பெற்றவர் தடுக்க முடியாது என்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றமும் முதலில் பயன்படுத்தியவரின் உரிமையே மேலானது என்று தீர்ப்பளித்தது. எனவே இதழில் விளம்பரம் வெளியான நான்கு மாதங்களுக்குள், நீட்டிக்க இடமில்லாத அந்தக் காலக்கெடுவுக்குள், இரு வகுப்புகளுக்கும் தலா 2,700 ரூபாய் கட்டி இணையவழி எதிர்ப்பு மனுவைத் தாக்கல் செய்துவிட்டோம். நம் மனுவின் நகல் கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் அவர்கள் பதிலுரை தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். தந்தால், பெயரை முதலில் பயன்படுத்தியது நாமே என்பதற்கான ஆதாரங்களை நாம் பிரமாணப் பத்திரத்துடன் வைக்க வேண்டும்.

இவ்வாண்டு எங்களுக்குப் பெரும் உழைப்பைத் தந்தது இந்த ஆதாரத் தேடல்தான். நம்மிடம் இருந்த மிகப் பழைய போட்டி நோட்டீஸில் நாளும் மாதமும் இருந்தன, ஆண்டு இல்லை. அச்சக உரிமையாளர் தம் பழைய பில் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கி, அந்த நோட்டீஸுக்குரிய பில்லைக் கண்டெடுத்துத் தந்தார். தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் ஒரு தாய், இன்று வேலைக்குச் சென்றுவிட்ட தம் மகனின் முதல் ஜெர்சியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். இவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. இனி நாம் அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் ஆண்டு இடம்பெற வேண்டும் என்று அனைத்துப் பொறுப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இடையில் எதிர்த்தரப்பு ஒரு சமரசம் பேசியது. பெயருக்கு முன் ‘கோவில்பட்டி’ என்று சேர்த்துக்கொண்டு, பெயர் தங்களுடையது என்று கையெழுத்திட்டால், அவர்களுடைய அனுமதியின்பேரில் நாம் அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்றார்கள். ஊர்ப்பெயரைச் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அது நமக்குப் பெருமைதான். ஆனால் உரிமை அவர்களுடையது என்று எழுதிக் கொடுத்தால், அனுமதியை நாளை அவர்கள் திரும்பப் பெறும்போது நம்மிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது என்பதால் செயற்குழு அதை ஏற்கவில்லை.

பெயர் நிச்சயமற்றிருந்ததால் புதிய ஜெர்சிகளை அச்சிடவில்லை. பிள்ளைகள் பழையவற்றிலேயே, சிலர் வெறும் சட்டையிலேயே ஆடினார்கள். நன்கொடையாளர் ஒருவர் தகராறு தீரட்டும் என்று இவ்வாண்டு உதவியை நிறுத்திவைத்தார். காலைப் பயிற்சி மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. அதற்குப் பயிற்சியாளர்களே காரணம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

நம் பெயரை நாமே பதிவு செய்ய, முதல் பயன்பாட்டு நாளைக் குறிப்பிட்டு, அதே இரு வகுப்புகளில் விண்ணப்பிக்க வேண்டும். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் உரிய 4,500 ரூபாய்ச் சலுகைக் கட்டணம் சங்கத்துக்குப் பொருந்தாது. இணையவழியில் வகுப்புக்கு 9,000 வீதம் 18,000 ரூபாய் ஆகும். அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு மட்டைகள் வாங்கலாமே என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்வி, எனக்கும் உறுத்துகிறது. ஆனால் பெயர் போனால், இத்தனை ஆண்டுகளாக நாம் கொடுத்த சான்றிதழ்களில் உள்ள பெயர் வேறொருவருடையதாகிவிடும் என்பதால் இச்செலவை நான் ஆதரிக்கிறேன்.

ஆகவே, எதிர்ப்பு மனுவைத் தொடர்ந்து நடத்தவும், பதிவு விண்ணப்பத்துக்கு 18,000 ரூபாய் செலவிடவும் செயற்குழுவுக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்