கோரிக்கை மனு: திருவிழாக்களில் இரும்புத் தகட்டைத் துப்பாக்கியால் சுடும் கடைகள்

அனுப்புநர்:
வெல்டிங் பட்டறை நடத்துபவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: ஏர்கன் (காற்றழுத்தத் துப்பாக்கி) சுடும் கடைகளில் இரும்புத் தகட்டை இலக்காக வைக்கப் பாதுகாப்பு நிபந்தனைகள் விதிக்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் பலூன் சுடும் கடை போடுபவர், பலூன் கட்டுப்படியாகவில்லை என்று இந்த வருடம் தகட்டுக்கு மாறினார். குண்டு பட்டதும் ‘டிங்’ என்று சத்தம் வரும், கூட்டமும் சேர்ந்தது. பழைய டிரம்மை வெட்டி அந்த எட்டுத் தகடுகளையும் ஆங்கிள் சட்டத்தில் அசையாமல் பற்றவைத்துக் கொடுத்தவன் நான்தான்.

நாலாம் நாள் ராத்திரி, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த என் தங்கை மகளின் கன்னத்தைத் திரும்பி வந்த குண்டு கிழித்தது. கண்ணுக்கு அரை விரற்கடை கீழே, இரண்டு தையல். கடைக்காரர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டார். அவர்மேல் புகார் இல்லை.

மறுநாள் தகடுகளைக் கழற்றிப் பார்த்தேன். பணியாரச் சட்டி மாதிரி குழி குழியாக இருந்தது. ஈயக் குண்டு சமமான தகட்டில் பட்டால் நசுங்கி, தகட்டை ஒட்டியே பக்கவாட்டில் சிதறும். குழியில் பட்டால் அதன் விளிம்பு சிதறலைச் சுட்டவர் பக்கமே திருப்பிவிடும். போதாததற்கு, ஈயம் தீர்ந்ததும் இரும்புக் குண்டு போட்டிருக்கிறார்கள். அது நசுங்காது, சுவரில் அடித்த பந்து போலத் திரும்பும். சுடுபவருக்கும் தகட்டுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை.

2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். அதனால் யாரும் வந்து பார்ப்பதும் இல்லை. 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த தோட்டா பட்ட 11 வயதுச் சிறுவன் சில நாளில் உயிரிழந்தான். அது நிஜத் துப்பாக்கி, இது ஏர்கன். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டிலும் அடிபட்டது சுடாத பிள்ளை.

எனவே கடைக்கு அனுமதி தரும்போதே சில நிபந்தனைகள் வேண்டும். தகடு சங்கிலியில் தொங்க வேண்டும். மேல்விளிம்பு சுடுபவரை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருந்தால் சிதறல் தரைக்குப் போகும். குழி விழுந்த தகட்டை அன்றே கழற்ற வேண்டும். இரும்புக் குண்டு கூடவே கூடாது. பத்து மீட்டர் தூரம், இருபுறமும் கெட்டியான தார்ப்பாய், சுடுபவருக்கும் அருகில் நிற்பவர்களுக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி (ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், சாதாரண மூக்குக் கண்ணாடி உதவாது). பத்து மீட்டர் இடமில்லையா, சரி, பலூனுக்கே திரும்பட்டும்.

கடைக்காரர் பிழைப்பு கெட வேண்டாம். தகடுகளைத் தொங்கவிடும்படி மாற்றித் தரக் கூலி வாங்க மாட்டேன்.

ஆடித் திருவிழாக்கள் தொடங்கும் முன் உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(கையொப்பம்)

இணைப்பு: குழி விழுந்த தகடு ஒன்று.